பக்கத்து பெஞ்சில் ஒரு டிக்டேஷன்

சந்தேகம் வந்துவிட்டால் எனக்கு மூளை வேலை செய்யாது. (மற்ற நாளில் மட்டும் செய்கிறதா என்பாள் என் மனைவி பரீதா.)

மாமல்லபுரத்தில் கிளிஞ்சல் மாலை விற்கிற கடை எனக்கு. வெள்ளைக்காரர்களோடு பேசிப் பேசியே இங்கிலீஷ் கற்றவன். எழுதச் சொன்னால்தான் கை வராது; அதை யாரிடமும் சொன்னதில்லை. "நானும் கடையில நிக்கட்டா மச்சான்?" என்று பரீதா ஒருமுறை கேட்டபோது, "இங்கிலீஷ் தெரியாம நீ நின்னு இன்னா பண்ணப் போற?" என்று அவள் வாயை அடைத்துவிட்டேன்.

அதற்கப்புறம் சனிக்கிழமையானால் செங்கல்பட்டில் அக்கா வீட்டுக்குப் போகிறேன் என்று கிளம்ப ஆரம்பித்தாள். போன் எடுக்க மாட்டாள். அவள் அக்காவைக் கூப்பிட்டால், "இப்பதான் பாத்ரூம் போனா" என்பார். மூன்று வாரமும் அதே பாத்ரூம். வீட்டுக்கு வந்ததும் வயிறு சரியில்லையா என்று கேட்டேன். "எனக்கின்னா, நல்லாத்தான் கீறேன்" என்றாள். பதினாறு வருஷக் குடும்பம். என்னை விட்டுப் போய்விடுவாளோ என்று கல்லாவில் உட்கார்ந்து அழுதுகூட இருக்கிறேன்.

நாலாவது சனிக்கிழமை கடையைப் பூட்டிவிட்டு, அவள் ஏறிய பஸ்ஸுக்குப் பின்னாலேயே பைக்கில் போனேன். செங்கல்பட்டில் இறங்கியவள் ஒரு மருந்துக்கடை மாடிக்கு ஏறினாள். மேலே ஆண் குரல் கேட்டது. விட்டேனா பார் என்று கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தேன்.

பெஞ்சுகளில் இருபது பேர். இங்கிலீஷ் எழுதிய போர்டு முன்னால் ஒரு இளைஞர். "நியூ அட்மிஷனா சார்? ஹெல்மெட்டக் கழட்டிட்டு உக்காருங்க" என்றார். பரீதா திரும்பிப் பார்த்தாள். வேவு பார்க்க வந்தேன் என்று எப்படிச் சொல்வது? "ஆமா சார்" என்று அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

அன்றைக்கு டிக்டேஷன். ஒரே சத்தம், வேறு வேறு அர்த்தம். பூவும் ஃப்ளவர், மாவும் ஃப்ளவர். மகனும் சன், சூரியனும் சன். வாக்கியத்தைக் கேட்டு, எது என்று புரிந்து எழுத வேண்டும். இருபது வார்த்தை. நான் மனதுக்குத் தோன்றிய எழுத்தையெல்லாம் போட்டு நிரப்பினேன். (வாயால் பிழைக்கிறவனுக்கு ஸ்பெல்லிங் எதற்கு?) முடிந்ததும் வாத்தியார் சரியான ஸ்பெல்லிங்கைப் போர்டில் எழுதிப் போட்டு, "பேப்பரப் பக்கத்துல இருக்கறவங்களோட மாத்தித் திருத்துங்க" என்றார்.

பரீதா சிவப்புப் பேனாவை எடுத்து நிதானமாகத் தப்புகளைச் சுழித்தாள். எனக்கு மூன்று மார்க். அவளுக்குப் பத்தொன்பது. என் பேப்பரில் கையெழுத்துப் போட்டபடி, யாருக்கும் கேட்காமல், "எங்க போறன்னு என்னையே கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே மச்சான்" என்றாள். சொல்லியிருந்தால் நான் என்ன பதில் சொல்லியிருப்பேன் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். வெட்கத்தில் எனக்குத் தலை நிமிரவில்லை.

இப்போது கல்லாவில் பரீதா. வெளிநாட்டுக்குப் போகிற பார்சலில் விலாசம் எழுதுவதும் அவள்தான். நான் தூசி தட்டுகிறேன். வீட்டில் யாரையாவது எங்கே கிளம்பிட்டீங்க என்று வாய் தவறிக் கேட்டால் போதும், என் மகள் ஆரம்பித்துவிடுவாள். "பின்னாடியே வராதீங்க அத்தா. கூடவே வந்து உக்காந்துடுங்க."