அம்பு போன போக்கு

மரங்கொத்தியின் அலகு நீண்டுகொண்டே போனது.

பொன்மணி பட்டனிலிருந்து விரலை எடுப்பதற்குள் அது லேபிளின் விளிம்பைத் தாண்டி, திரையின் வலது மேல் மூலையில் போய் முட்டி நின்றது.

"ஏலே அன்பு, இங்கன வந்து பாரு. மரங்கொத்தி யானையா மாறிக்கிட்டு இருக்கு!"

அன்பரசன் நாற்காலியோடு உருண்டு வந்தான். திருத்தங்கலில் காசிராஜனின் அச்சகத்தில் பட்டாசு லேபிள் வரைகிறவர்கள் இவர்கள் இரண்டு பேரும்தான். வருஷம் 2005. வருகிற பார்ட்டிகளுக்கு மேஜையிலேயே டிசைனைக் காட்டலாம் என்று காசிராஜன் சென்னையிலிருந்து ஒரு பழைய லேப்டாப் வாங்கி வந்து பத்து நாள் ஆகியிருந்தது.

அந்த லேப்டாப்பில் திரையின் அம்புக்குறியை நகர்த்த இரண்டு வழி இருந்தது. எழுத்துக் கட்டைகளுக்குக் கீழே விரலால் தடவுகிற டச்பேட். கட்டைகளுக்கு நடுவே சிவப்பாக ஒரு சின்னக் குமிழ். காசிராஜனுக்கு டச்பேட்தான் பிடிக்கும். "தடவுனாப் போதும், வெண்ணெய் மாதிரி ஓடுது" என்பார். அன்பரசன் குமிழ்க் கட்சி. அதற்குப் 'பொட்டு' என்று பெயரே வைத்துவிட்டான். பொன்மணிக்கு இரண்டும் ஆகாது. எட்டு வருஷமாக மவுஸ் பிடித்த கை அவளுடையது. ஆனால் முதலாளி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "அதுல ஒரு மவுஸைக் கட்டித் தொங்கவிட்டா அப்புறம் என்னத்துக்கு லேப்டாப்பு?"

போதாக்குறைக்கு, நாலு நாளைக்கு முன் மேஜை துடைக்க வந்த மாடத்தி பொட்டைப் பிடுங்கிப் போட்டுவிட்டாள். அவள் சாத்தூரில் தீப்பெட்டி ஆபீசில் பல வருஷம் தீக்குச்சிக்கு மருந்து முக்கியவள்.

"குச்சி மருந்துதான் ஒட்டிக்கிட்டு இருக்குன்னு நெனச்சேன். வெயிலு இந்தப் போடு போடுது, எதுக்கு வம்பு?"

பொட்டு குப்பையோடு போய்விட்டது. அன்பரசன் சைக்கிள் வால்வு டியூபில் ஒரு துண்டு நறுக்கி, அந்த இடத்தில் மாட்டினான். அன்றிலிருந்து அம்பு யாரும் தொடாமலே வலது மேல் மூலையைப் பார்த்துப் போக ஆரம்பித்தது.

இன்றைக்கு என்று பார்த்துப் பதினொரு மணிக்கு வெம்பக்கோட்டைக் கம்பெனி மேனேஜர் வருகிறார். மரங்கொத்தி மார்க் சரவெடிக்கு லேபிள் பார்க்க. புதுப் பார்ட்டி; யாரும் முகம் பார்த்ததில்லை. போன சீசனில் இரண்டு கம்பெனிகள் பொன்மணியின் டிசைனைக் குறை சொல்லிவிட்டு வேறு அச்சகத்துக்குப் போயிருந்தன. மூன்றாவதும் போனால், அவளைப் பசை தடவுகிற பக்கம் மாற்றிவிடுவதாகக் காசிராஜன் சொல்லியிருந்தார். சொல்லிவிட்டு, பேப்பர் லோடு பார்க்கச் சிவகாசிக்குப் போயிருந்தார்.

அலகை வெட்டிச் சரிசெய்து முடிக்கும் நேரத்தில், மணி பத்து அடிப்பதற்குள்ளேயே, வாசலில் ஒரு குரல் கேட்டது.

"காசிராஜன் அண்ணாச்சி வரச் சொன்னாக."

ஐம்பது வயதிருக்கும். அரைக்கைச் சட்டை, கையில் தோல் பை.

"வெம்பக்கோட்டைல இருந்தா?"

"அங்கருந்துதான் வாரேன் தாயி. சிவகாசில எறங்கி பஸ் மாறி வந்தேன்."

பொன்மணி எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. "வாங்க அண்ணாச்சி, உக்காருங்க!"

அவர் பையை மடியில் வைத்துக்கொண்டு லேப்டாப்பைப் பார்த்தார். "இதுதானா?"

"இதேதான்" என்று மரங்கொத்தியைக் காட்டினாள்.

"எம்புட்டு நாளா?"

"நாலு நாளா அண்ணாச்சி." ராப்பகலாக வரைந்ததை அவள் சொன்னாள்.

அந்த நேரம் பார்த்து அம்பு கிளம்பியது. அவள் விரல் பட்டனில் இருந்ததால், மரங்கொத்தியும் மரத்தை விட்டுவிட்டு அதன் பின்னாலேயே போனது.

அவர் முன்னால் குனிந்தார். "தானா ஓடுதே!"

பொன்மணி பட்டனிலிருந்து விரலை எடுத்தாள். "அது... அனிமேஷன் அண்ணாச்சி. மரங்கொத்தி பறக்குற மாதிரி."

"நீங்களாத்தான் ஓட விடுறீகளா?"

"நாங்களேதான்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். "அப்ப, இதுல சரி பண்ண ஒண்ணும் இல்லைங்கிறீக?"

"ஒண்ணுமே இல்ல! எல்லாம் பக்காவா இருக்கு."

"அப்படின்னா நான் கெளம்புறேன்" என்று அவர் எழுந்துவிட்டார்.

பொன்மணிக்குத் தலை சுற்றியது. பக்காவாக இருக்கிறது என்றால் எந்த ஊரில் பார்ட்டி எழுந்து போகிறது? ஒருவேளை எதிலாவது குறை கண்டுபிடித்தால்தான் இவருக்குத் திருப்தி வருமோ?

"அண்ணாச்சி, அண்ணாச்சி! நீங்க எதைச் சரி பண்ணணும்னு சொல்றீகளோ, அதைப் பண்ணிருவோம்."

"நீங்க பண்ணிருவீகளா?"

"இப்பவே!"

அவர் ஒன்றும் விளங்காமல் மறுபடி உட்கார்ந்தார். அன்பரசன் ஓடிப்போய்க் காரச்சேவும் கலர் சோடாவும் வாங்கி வந்தான். மரியாதைக்கு இரண்டு வாய் மென்றுவிட்டு அவர் கேட்டார்: "எதை வச்சு ஓட்டுறீக? நடுவுல இருக்குமே, அதுலயா? இல்ல, கீழ தடவியா?"

அன்பரசனுக்கு முகம் மலர்ந்தது. பொட்டைப் பற்றிப் பேசுகிற ஒரு பார்ட்டியை அவன் இதுவரை கண்டதில்லை. "நடுவுல இருக்குறதுதான் அண்ணாச்சி! கையை எடுக்காமலே—"

பொன்மணி மேஜைக்கடியில் அவன் காலை மிதித்தாள். வால்வு டியூப் தெரிந்தால் மானம் போய்விடும். அதன்மேல் இடது கையை வைத்து மறைத்துக்கொண்டு, "தடவித்தான் அண்ணாச்சி" என்று வலது கையால் தடவிக் காட்டினாள். விரலில் காரச்சேவு எண்ணெய். அம்பு தவளை மாதிரி குதித்தது. மறைத்த கை டியூபை அழுத்தியதில் இன்னும் கூடுதலாகக் குதித்தது.

"மவுஸ் இருந்தாப் போட்டுப் பாக்கலாம்" என்றார் அவர். "எனக்கு இது ரெண்டும் ஒத்து வராது."

பொன்மணிக்குக் கண் நிறைந்துவிட்டது. உலகத்தில் தன்னைப் போல ஒரு மனுஷன்! முதலாளி சொன்னதை மறந்து, தன் கம்ப்யூட்டரிலிருந்து மவுஸைப் பிடுங்கிக் கொண்டுவந்தாள். அதன் வயர் முனை வட்டம். லேப்டாப்பில் இருந்ததோ தட்டையான ஓட்டை. அன்பரசன் பக்கத்து அச்சகத்துக்கு ஓடித் தட்டை முனை மவுஸ் ஒன்றை வாங்கி வந்தான். அது கண்ணாடி மேஜையில் வேலை செய்யவில்லை. சுவரிலிருந்த காலண்டரைக் கழற்றி அடியில் போட்டார்கள்.

இப்போது மவுஸ் அம்பை இடப்பக்கம் இழுத்தது. வால்வு டியூப் வலப்பக்கம் இழுத்தது. பொன்மணியின் மணிக்கட்டு டச்பேடில் பட்டு, அம்பு கீழேயும் போனது. நடுவில் மாட்டிய மரங்கொத்திக்கு முதலில் வால் நீண்டது, பிறகு கொண்டை சாய்ந்தது. கடைசியில் அம்பு மூலைக்குப் போய் எதையோ அழுத்த, திரையில் ஒரு கேள்வி வந்தது. அதைப் படிப்பதற்குள் அம்பே பதிலும் சொல்லிவிட்டது.

மரங்கொத்தி அழிந்துபோய், திரை வெள்ளையாக நின்றது.

"ம்ம்" என்றார் அவர். பையின் ஜிப்பைத் திறந்தபடி, "இப்பவாவது எங்கிட்டக் குடுங்க தாயி" என்று கையை நீட்டினார்.

பொன்மணி லேப்டாப்பைப் பட்டென்று மூடி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "வேண்டாம் அண்ணாச்சி! உங்களுக்கு எதுக்குச் சிரமம்? காயிதத்துலயே காட்டுறேன்."

நேற்று எடுத்துப் பார்த்த பிரிண்ட் ஒன்று இருந்தது. அலகு அளவாக, கொண்டை சிவப்பாக, மரத்தில் ஒழுங்காக உட்கார்ந்திருந்த மரங்கொத்தி. அவர் அதை வாங்கிப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு."

இரண்டு சீசனில் அவள் காதில் விழுந்த முதல் நல்ல வார்த்தை. ஒரு கையால் லேப்டாப்பை அணைத்தபடியே, மறு கையால் ஆர்டர் நோட்டைப் பிரித்தாள்.

"அப்ப எழுதிரட்டுமா அண்ணாச்சி? எத்தனை லட்சம் லேபிள் அடிக்கணும்?"

அவர் நோட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், அவள் அணைப்பில் இருந்த லேப்டாப்பைப் பார்த்தார். சட்டையில் சிந்திய சேவுத் தூளைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"தாயி, அம்பு தானா ஓடுது, வந்து ரிப்பேர் பாத்துக் குடுங்கன்னு உங்க மொதலாளி போன் போட்டாருன்னுதான் நான் வந்தேன், ஒரு மணி நேரமா காரச்சேவைக் குடுக்குறீக, கலரைக் குடுக்குறீக, குருவிப் படத்தைக் குடுக்குறீக, அந்த லேப்டாப்பை மட்டும் கையில குடுக்க மாட்டேங்குறீகளே!"