கண்ணாடிப் புறாவுக்கு அனுமதி இல்லை

அன்பும் மரியாதையும் மிகுந்த மச்சானுக்கு,

உங்கள் தங்கை புருஷன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், அதற்கே வெட்கமாகிவிட்டது. நீங்களாவது நலமாக இருங்கள்.

உங்கள் மருமகளான என் பெண்ணுக்கு, அமைதிக்கும் மனித உரிமைக்கும் பாடுபட்ட மாணவி என்று அரசாங்கப் பரிசு அறிவித்தது உங்களுக்குத் தெரியும். விசாரணைக்குக் கூட்டிப்போன பையன் வீடு திரும்பவில்லை என்று, அவன் அம்மாவோடு காவல் நிலையத்துக்கு எதிரே அட்டை பிடித்து நின்றாளே, அதற்குத்தான். அறிவித்த மறுவாரமும் போய் நின்றாள், பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். எதற்குப் பரிசோ அதற்கே கைது.

விழாவுக்கு நான்தான் போனேன். மேடையில் பெரிய பேனர், அதில் நம் பிள்ளை முகம். நல்ல படம் கேட்டு வீட்டுக்கு யாரும் வரவில்லை, கைது செய்தபோது நெஞ்சில் எண் பலகையோடு எடுத்த படத்தையே வாங்கிப் போட்டுவிட்டார்கள். பக்கத்தில் இருந்தவர், "அது பரிசு நம்பருங்களா?" என்று கேட்டார். சிறப்பு விருந்தினர் யார் என்றால், அவளைப் பிடித்த அதே பெரிய அதிகாரி. நிலையத்துத் துணியெல்லாம் என் இஸ்திரிக் கடைக்குத்தானே வருகிறது, அவர் போட்டிருந்த சட்டையும் அன்று காலையில் நான் தேய்த்ததுதான். மடிப்பு கலையாமல் நின்றதைப் பார்த்துத் தொழில்காரனுக்குச் சந்தோஷம், தகப்பனுக்கு வயிற்றெரிச்சல். கண்ணாடிப் புறா ஒன்றை என் கையில் கொடுத்து, "இந்த மாதிரிப் பிள்ளைங்கதான் நாட்டுக்கு வேணும்" என்றார். "அப்ப வீட்டுக்கு எப்பங்கய்யா அனுப்புவீங்க?" என்றேன். "கேமராவைப் பாருங்க" என்றார். பார்த்தேன், சிரித்தும் தொலைத்தேன்.

அவளிடம் காட்டலாம் என்று புறாவைச் சிறைக்கு எடுத்துப்போனேன். வாசல் காவலர் அதன் மூக்கைத் தடவிப் பார்த்து, "கூரா இருக்கு, உள்ள விட முடியாது" என்று வாங்கி வைத்துக்கொண்டு டோக்கன் கொடுத்தார். திரும்பி வருவதற்குள் அவர் வேலை முடிந்து போய்விட்டார், அலமாரிச் சாவியும் அவரோடு போய்விட்டது. ஆக மச்சான், பெண்ணும் உள்ளே, புறாவும் உள்ளே.

அந்தப் பையன் பத்திரமாக வீடு திரும்பியதைக் கண்ணால் பார்த்தேன் என்று ஒரு கையெழுத்துப் போட்டால் விட்டுவிடுவார்களாம். இவள் மாட்டேன் என்கிறாள். உங்கள் தங்கை சோற்றைத் தொடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்து, ஊரோடு ஒத்து வாழ் என்று நாலு வார்த்தை சொல்லிக் கையெழுத்தை வாங்கித் தாருங்கள். என் பேச்சு எடுபடவில்லை, தாய்மாமன் பேச்சைத் தட்டமாட்டாள். எனக்கு என் பிள்ளை வேண்டும் மச்சான்.

உங்கள் வீட்டுக் குழந்தைகளுக்கு ஆசி. நன்றாகப் படிக்கட்டும், பரிசு வாங்கும் அளவுக்கு வேண்டாம்.

இப்படிக்கு,
நொந்துபோன உங்கள் மைத்துனன்

பின்குறிப்பு: ஒட்டிய உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். இன்று அவளைப் பார்த்து, நீங்கள் வரப்போவதைச் சொன்னேன். "அப்பா, அந்தம்மா இன்னும் அங்கயே தனியா நிக்கிறாங்களா?" என்று மட்டும் கேட்டாள். நிற்கிறார், அந்தப் பையனின் அம்மா. துணிமூட்டையோடு தினமும் அவரைத் தாண்டித்தான் போகிறேன். இன்று மூட்டையைத் தேய்க்காமலே கொண்டுபோய் நிலையத்து மேசையில் வைத்துவிட்டேன். வெளியே வந்து, "கை வலிக்கும், குடுங்கம்மா" என்று அட்டையை வாங்கிக்கொண்டேன். நாளையும் போவேன். கையெழுத்து வாங்க வர வேண்டாம், உங்கள் தங்கையை அழைத்துப்போக வாருங்கள். உங்கள் வீட்டில் என் கல்யாணப் படம் இருக்குமே, அதையும் எடுத்து வாருங்கள். அவர்கள் எடுக்கிற படத்தில் முகம் நன்றாக விழுவதில்லை.