நீலவாள் கேசட்டை விற்கப் போன படலம்

பரணிருளில் துயில்வனவற்றின் மீது மெல்லப் படிந்து, குப்பையையும் பொக்கிஷம் என்று நம்பவைக்கும் தூசித் தேவே, காப்பு! ஒசாகா மாநகரின் ஒப்பற்ற மைந்தன், குளியல்தொட்டிச் சூடேற்றி விற்கும் நிறுவனத்தின் கிளைத் துணைமேலாளன், பால்பற்கள் விழுமுன்னரே அசுரகுல வேந்தனாம் கருங்கொம்பனைத் தன் கட்டைவிரல் இரண்டால் சாய்த்த குன்றத்தோள் வீரன், குராமோச்சி கியோஹருவின் கீர்த்தியை இனி எடுத்துரைப்போம். கருங்கொம்பன் வதம் அலுவலகம் அறிந்த கதை. ஆண்டிறுதி விருந்துதோறும் மூன்றாம் கோப்பை பீர் இறங்கியதும் கியோஹருவே அதைப் பாடுவான். கீழ்ப்பணியாளர்கள் அதற்குள் கழிவறைக்குப் போய்வந்துவிடுவார்கள்.

அவ்வதம் நிகழ்ந்த களம், உள்ளங்கையகல பிளாஸ்டிக் வீடியோ விளையாட்டுக் கேசட் ஒன்று. நீலவாள் என்பது அவ்விளையாட்டின் திருநாமம். அதுவும் அதன் சுற்றமான முந்நூற்றுச் சொச்சம் பழைய விளையாட்டுகளும் வீட்டின் ஆறு பாய் விரிக்குமளவு அறையை முற்றுகையிட்டு ஆண்டுகள் பல ஆகியிருந்தன. இல்லக்கிழத்தி சுமியே தன் தையல் மெஷினைக் குளியலறை வாசலில் வைத்துத் தைத்தாள். அந்நாளில்தான் தொலைக்காட்சிச் செய்தி இடியென முழங்கியது: அமெரிக்க நாட்டில், உறை பிரிக்காத பழைய விளையாட்டு ஒன்று மாளிகை விலைக்கு ஏலம் போயிற்று. மாளிகை என்ற சொல் வீரன் செவியில் தேனெனப் பாய்ந்தது. உறை பிரிக்காத என்ற சொல் பாயவில்லை.

"பாத்தியா, பாத்தியா! அந்த ரூம்ல இருக்கறது குப்பையா?"

சுமியே சூளுரைத்தாள். "சரிங்க. உங்க புதையல்லயே உசந்ததா ஒண்ணே ஒண்ணை எடுங்க. புது ரைஸ் குக்கர் விலைக்குப் போச்சுன்னா, இந்த ஜென்மத்துல அந்த ரூமைக் கேக்க மாட்டேன். போகலையா, வியாழக்கிழமை அலமாரியோட எல்லாம் பெருங்குப்பைல."

வஞ்சினம் கேட்ட வேங்கை சிலிர்த்தெழுந்தது. வாளுக்கு நெய் பூசும் பண்டை மறவர் போல, கேசட்டின் முதுகில் பிள்ளைக் கையெழுத்தில் மசிப்பேனாவால் தீட்டியிருந்த குராமோச்சி என்னும் குலப்பெயரை ஆரஞ்சுத் தோல் கொண்டு தேய்தேயென்று தேய்த்து நீக்கினான். பெயர் எழுதிய கேசட்டுக்கு விலை குறையும் என்பது அந்நாட்டில் ஐம்பதை நெருங்கும் ஆடவர் யாவரும் காலங்கடந்து கற்ற பாடம்.

ஞாயிறன்று நிப்போன்பாஷிப் பெருவீதியில், பழைய விளையாட்டுகள் கொள்வதும் விற்பதுமான தனுகிதோ என்னும் கடையுள் அவன் புகுந்தான். யானைப்படையும் பின்தொடரவில்லை, குதிரைப்படையும் பின்தொடரவில்லை. சுமியே மட்டும் சுடச்சுட ஆக்டோபஸ் உருண்டைப் பொட்டலத்தோடு பின்தொடர்ந்தாள். கொள்முதல் மேசைக்கப்பால் வெண்கையுறையும் உருப்பெருக்கிக் கண்ணாடியும் பூண்டு வீற்றிருந்தாள் ஹமாஜி அம்மையார். நரைதலை ஆடவர் எத்தனையோ பேரின் இளமைக் கனவை இரட்டை இலக்கத்தில் மதிப்பிட்டனுப்பிய கொற்றவை.

கேசட்டைத் திருப்பினாள். சாய்த்தாள். முகர்ந்தாள்.

"பெட்டி இருக்கா, அண்ணே?"

"அம்மா தூக்கிப் போட்டுட்டாங்க, அக்கா."

"எல்லா அம்மாவும் அதத்தான் செஞ்சாங்க. அதனாலதான் பெட்டிக்கு இந்த விலை. பின்னால பேரை அழிச்சிருக்கீங்களே, என்ன போட்டுத் தேச்சீங்க?"

"ஆரஞ்சுத் தோல்! சுத்தமாப் போயிடுச்சு பாருங்க!"

"போயிடுச்சு. பளபளப்பும் கூடவே போயிடுச்சு. இருநூறு யென்."

மார்பில் வேல் தைத்த களிறு பிளிறியது. "இன்னும் ஒரு குரல் ஏத்துங்க, அக்கா, ஒரு குரல்!" என்று ஒசாகா வணிகர் மரபு வழுவாது பேரம் தொடுத்தான். அவள் இரும்புக் கோட்டையென அசையாதிருந்தாள். குறுந்தகடு புரட்டிக்கொண்டிருந்தோர் திரும்பினர். அப்போது நம் வீரன் தன் இறுதி அத்திரத்தை எடுத்து, கடை அதிர முழங்கினான்: "இது வெறும் கேசட் இல்ல, அக்கா! கருங்கொம்பனை நான் கொன்ன பதிவு இதுக்குள்ள உசுரோட இருக்கு. போட்டுத்தான் பாருங்களேன்!"

"பதிவைக் காக்கற உள் பேட்டரி உசுரோட இருந்தா நூறு கூட்டறேன். அவ்வளவுதான்."

கேசட் கருவியில் செருகப்பட்டது. திரையில் சாம்பல் நிறமொன்றே பரவி நின்றது. அந்தோ! ஊழ்வினை உருத்து வந்தூட்டும் வேளையில் அறிவு என் செய்யும்? கண்ணிமைக்கும் நேரத்தில் கியோஹரு மேசைக்கு மேலாகப் பாய்ந்து கேசட்டை உருவி, அதன் அடிவாயில் இதழ் பொருத்தி, தூசி பறக்க ஊழிக்காற்றென "ஃபூ!" என்று ஊதினான். அவன் தலைமுறை முழுதும் பள்ளிக்குப் போகுமுன்பே பயின்ற வித்தை அது. தன் உருண்டையை ஊதிக்கொண்டிருந்த சுமியேயும் ஊதலை நிறுத்தினாள். ஹமாஜி அம்மையாரின் உருப்பெருக்கி மெல்ல உயர்ந்து சுவரைச் சுட்டியது. ஊதாதீர், உங்கள் எச்சிலே துரு என்று அங்கே சிவப்பெழுத்தில் தொங்கியது.

"ஊதிட்டீங்க."

"பழக்கம், அக்கா..."

"கூட்ட இருந்த நூறு போச்சு."

ஆயினும் மீண்டும் செருகியதும், அடடா, திரை ஒளிர்ந்தது! முரசும் குழலும் கலந்த அவ்வாதி இசை கணகணத்தது. கூடிநின்ற நரைதலையர் சிலர் தம்மையறியாமல் தோளசைத்தனர். முதல் வரிசையில் மகுடச் சின்னத்தோடு பதிவொன்று மின்னியது; அசுரனை வென்றார்க்கன்றி அம்மகுடம் வாய்ப்பதில்லை. கியோஹரு வாகை சூடியவன் போல் இரு கரமும் விரித்தான்.

சுமியே எட்டிப் பார்த்து வாசித்தாள். "ரிட்சு, நாப்பத்திரெண்டாம் நிலை. ஏங்க, ரிட்சுன்னா உங்க தங்கச்சி ரிட்சுகோவா?"

விரித்த கரங்கள் விரித்தபடியே நின்றன. புகைபோல் ஒரு காட்சி அவன் நெஞ்சில் எழுந்தது. ஒரு மழைக்கால விடுமுறை, கட்டுப்பாட்டுப் பெட்டி தங்கையின் கையில், பக்கத்தில் குப்புறப் படுத்து உருளைக்கிழங்கு வறுவல் தின்றவாறு "அடி, அடி, விடாதே!" என்று கத்திக்கொண்டிருப்பவன் யார்? அக்கத்தலே ஆண்டுக்கு மூன்று கோப்பையாய்ப் பீர் பாய்ச்சப்பெற்று, வாளாகி, வதமாகி, வரலாறாகி வளர்ந்துவிட்டிருந்தது.

"ஊதினதுக்கு மேற்கொண்டு எதுவும் கழிக்கல, அண்ணே. இருநூறு. தரவா?" என்றாள் ஹமாஜி அம்மையார்.

"பெருங்குப்பை அள்ளிட்டுப் போகக் காசு குடுத்து வாங்கி ஒட்டற வில்லையே நானூறுங்க," என்றாள் சுமியே, உருண்டையை வாயில் போட்டபடி. பிறகு குச்சியால் திரையைக் காட்டினாள். "அக்கா, கீழ ரெண்டாவதா கியோன்னு ஒண்ணு இருக்கே. அதையும் தொறங்க."

ஆறு பாய் அறை, முந்நூற்றுச் சொச்சம் கேசட், குலமானம் அனைத்தையும் ஒருசேரத் துறந்து, மறவர் ஏறு மேசை மீது விழுந்து அரற்றிற்று: "வேணாம்! இருநூறே போதும்! வியாழக்கிழமை நானே தூக்கிப் போடறேன்! அணைச்சிடுங்க, அக்கா!"

வாங்குகிற பொருளை முழுக்கச் சோதிப்பது கடை வழக்கம். அவள் திறந்தாள்.

கியோ முதல் ஊர் வாசலிலேயே ஒரு நத்தையிடம் அடிபட்டுச் செத்துக் கிடந்தான்.