இரண்டாவது ஊசியும் இணக்கக் குழுவும்

மனித அறிவின் வரலாற்றில் நெருப்பு, சக்கரம் ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக வைத்து எண்ணத்தக்கது, எங்கள் நோய் எதிர்ப்பியல் ஆய்வகத்தின் ‘கோட்பாடு–சோதனை இணக்கக் குழு’. அதன் செயலாளர் நானே என்பதால், இதை எவ்விதச் சார்பும் இன்றிச் சொல்கிறேன்.

உறுப்பினர் இருவர். மூன்றாம் மாடியில் கோட்பாட்டாளர். எலியைப் படத்தில் பார்க்கவும் அஞ்சுபவர், ஆனால் எலியின் குருதியில் நாளை நிகழப்போவதைச் சமன்பாட்டால் இன்றே அறிபவர். தரைத்தளத்தில் சோதனையாளர், கூட்டலுக்கே விரல்களை நாடுபவர், ஆனால் எலியின் வாலில் ஊசி குத்துவதில் நிகரற்றவர். சோதனையாளரின் தங்கையைக் கோட்பாட்டாளர் மணந்திருந்தார். ஆகவே இரு துறைகளுக்கும் இடையே அறிவியல் தவிர்த்த எல்லா உறவும் உண்டு.

தீர்க்கவேண்டிய வினா ஒன்றே. எலிகளிடமிருந்து தொற்றும் ஒரு காய்ச்சலுக்கு எதிராக, ஊழியர் அனைவருக்கும் ஒரே நாளில் முதல் ஊசி போடப்பட்டது. இரண்டாவது ஊசி எத்தனையாம் நாள்? முதல் ஊசியின் பாதுகாப்பு இருபது நாளில் கரைந்துவிடும் என்றன எலிகள். நாற்பது நாள் தாங்கும் என்றது சமன்பாடு. குழுவின் சுற்றறிக்கை வராமல் ஊசியைத் தொடக்கூடாது என்று செவிலியருக்கு ஆணை.

முதற்கூட்டத்தில் கதவோரம் ஒருவர் நின்றார். நோயுற்ற ஐந்நூறு எலிகளுக்குத் தீனி வைத்துக் கூண்டு கழுவும் பராமரிப்பாளர்.

“சார், எனக்கு ரெண்டாவது ஊசி எப்போன்னு சொன்னீங்கன்னா…”

“அதுக்குத்தானேப்பா உக்காந்திருக்கோம்,” என்றேன்.

“நீங்க உக்காந்திருக்கீங்க சார். நான் எலியோட நிக்கிறேன்.”

இக்கூற்று விவாதப் பொருளுக்கு அப்பாற்பட்டது எனக் குறித்துக்கொண்டேன்.

அன்று உறுப்பினர் இருவரும் மேசையைத் தட்டிப் பேசினர். செய்தி மாலைக்குள் வீட்டுக்கு எட்டிவிட்டது. தங்கையும் மனைவியுமான ஒருவர், “எங்கண்ணன்கிட்ட மரியாதையா பேசுங்க” என்று நேரிலும், “அவருக்கு விட்டுக்குடுத்துப் போண்ணே” என்று தொலைபேசியிலும் ஆணையிட்டதாகக் கேள்வி. அறிவியல் உடனே திருந்தியது.

இருபத்தோராம் நாள் இரண்டாவது கூட்டம் கூடியது.

“மச்சான், நீங்க சொன்னதுதான் சரி,” என்று தொடங்கினார் கோட்பாட்டாளர். “சமன்பாட்டுல ஒரு மாறிலிய லேசா தட்டினேன். இருபது நாள், கச்சிதமா வந்திருச்சு.”

சோதனையாளரின் முகம் வெளிறியது. “என்ன மாப்பிள்ளை இப்படிப் பண்ணிட்டீங்க! உங்க நாற்பதுக்கு ஒத்துவராத எலியையெல்லாம் நான் நீக்கிட்டேனே!”

“எத்தனை எலி?”

“நானூத்தித் தொண்ணூத்தாறு. மீதி நாலும் தங்கமான எலிங்க. உங்க கிராஃப்ல அப்படியே வந்து உக்காருது.”

“ஐயோ, உங்க எலிய நான் குறை சொல்லலாமா மச்சான்? இருபதே இருக்கட்டும்.”

“மாப்பிள்ளை வார்த்தைக்கு மேலயா எலி? நாற்பதுதான்.”

இத்தகைய பணிவு உலகில் அரிது. மூன்று மணி நேரம் ஒருவர் கருத்தை மற்றவர் கண்போல் காத்தனர். இறுதியில், இருவர் மானமும் பழுதுபடாதவாறு, முப்பது என்று நான் முன்மொழிந்தேன். முப்பதை எந்த எலியும் காட்டவில்லை. எந்தச் சமன்பாடும் சொல்லவில்லை. ஆகவே அதை மறுக்க எவரிடமும் ஆதாரம் இல்லை. கைதட்டலோடு நிறைவேறியது.

இருபத்தாறாம் நாள் பராமரிப்பாளர் காய்ச்சலில் விழுந்தார்.

குழு முழுமையாக மருத்துவமனைக்குச் சென்றது. சோதனையாளர் பழத்துக்குப் பதிலாகக் குருதி எடுக்கும் குப்பி கொண்டுவந்தார். கோட்பாட்டாளர் நோயாளியின் கையைப் பற்றி உருகினார்.

“இன்னும் நாலே நாள் பொறுத்திருக்கலாமேப்பா.”

“தப்புதான் சார்,” என்றார் பராமரிப்பாளர், போர்வைக்குள் நடுங்கியபடி. “காய்ச்சலுக்கு சுற்றறிக்கை போய்ச் சேரலை போல.”

“ஒருத்தருக்கு வந்தா அது விதிவிலக்கு,” என்று சோதனையாளர் ஆறுதல் கூறினார். “உங்களை நாங்க கணக்கிலேயே சேக்க மாட்டோம். கவலைப்படாதீங்க.”

கட்டிலருகே ஈரத்துணியைப் பிழிந்துகொண்டிருந்த பராமரிப்பாளரின் மனைவி நிமிர்ந்தார்.

“அது கிடக்கட்டும் சார். நீங்க மூணு பேரும் ரெண்டாவது ஊசி எப்போ போட்டுக்கிட்டீங்க?”

கோட்பாட்டாளர் சன்னலைப் பார்த்தார். சோதனையாளர் குப்பியின் மூடியைத் திருகினார். நான் குறிப்பேட்டைப் புரட்டினேன். விடை அதில் இராது என்பது எனக்குத் தெரியும். அதை எழுதாமல் விட்டவன் நான்தான்.

இருபதாம் நாள் காலை, செவிலியர் அறை வாசலில், சட்டைக் கையை மடித்துவிட்டபடி நாங்கள் மூவரும் ‘தற்செயலாக’ச் சந்தித்துக்கொண்டோம். அதிகாரிகளுக்குச் சுற்றறிக்கை வேண்டியதில்லை. வாய்மொழி ஆணை போதும். வரிசையில் முதலில் நின்றவர், நாற்பது நாளைக் கண்டறிந்தவர். எங்கள் ஆய்வக வரலாற்றில் கோட்பாடும் சோதனையும் முழுமையாக ஒத்துப்போனது அன்று மட்டுமே. அதற்காக நாங்கள் எந்த மாறிலியையும் தட்டவில்லை. ஓர் எலியைக்கூட நீக்கவில்லை.

ஓர் ஆளைத்தான் நீக்கினோம்.