நௌட்டியால் லாட்ஜ் ஆசிரமமான கதை

ரிஷிகேஷ்,
திங்கட்கிழமை காலை

என் மனைவியின் அண்ணனும், எனக்கு நல்லது நினைத்து நினைத்தே கெடுதல் செய்பவருமான பூர்ணானந்த் மச்சான் அவர்களுக்கு, ஹர்ஷ்மணி நௌட்டியால் பணிவுடன் எழுதிக்கொள்வது. கங்கா மாதாவின் தயவில் நானும் உங்கள் தங்கை சம்பாவும் உயிரோடு இருக்கிறோம். டேராடூனில் நீங்களும் வீட்டம்மாவும் நிச்சயம் சுகமாகத்தான் இருப்பீர்கள். உங்கள் வாசலில் அந்தப் பலகை தொங்கவில்லையே.

நீர்ப்பாசன இலாகாவிலிருந்து ஓய்வு பெற்று, மாடியில் நாலு அறை கட்டி, ‘நௌட்டியால் லாட்ஜ்’ என்று எழுதி வைத்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தவன் நான். அந்த ஈக்கள் என்னை ஒரு தொந்தரவும் செய்ததில்லை. தீபாவளிக்கு வந்த நீங்கள்தான் உருளைக்கிழங்குப் பூரியை மென்றுகொண்டே, “லாட்ஜுன்னு போட்டா எவன் மாப்ள வருவான்? ஊரே ஆசிரமம்னு போட்டுப் பிழைக்குது. அந்த வார்த்தைக்கு ஒரு மகிமை இருக்கு” என்றீர்கள். சொன்னதோடு விட்டீர்களா? உங்கள் பெயிண்டரையே அனுப்பி, அந்த ஒரு வார்த்தையை மட்டும் அழித்துக் காவி நிறத்தில் மாற்றி எழுத வைத்தீர்கள்.

மகிமை இருக்கிறது மச்சான், இல்லை என்று சொல்லவில்லை. லாட்ஜுக்கு வருகிறவன் அறை இருக்கிறதா என்று கேட்பான், வாடகை என்ன என்பான், குறைக்கச் சொல்வான். ஆசிரமத்துக்கு வருகிறவன் ஒன்றுமே கேட்பதில்லை, நேரே பந்தியில் உட்கார்ந்துவிடுகிறான். பலகை மாட்டிய அன்றே மூன்று சாதுக்கள் கமண்டலத்தோடு முற்றத்தில் வரிசையாக அமர்ந்து, “மகராஜ், சாப்பாட்டு மணி எப்போ அடிப்பீங்க?” என்றார்கள். இங்கே மணியே கிடையாது சாமி என்றேன். “மணி இல்லாம என்னய்யா ஆசிரமம்?” என்று என்னைத் திட்டிவிட்டு, மறுநாள் அவர்களே எங்கிருந்தோ ஒரு மணியைக் கொண்டுவந்து கட்டிவிட்டார்கள். வேளைக்கு வந்தவனை யார் எவர் என்று விசாரிக்காமல் சோறு போடுவதுதானே இங்கே ஆசிரமம் என்பது? அதை நாம் இரண்டு பேரும் எப்படி மறந்தோம்? அதற்குப் பிறகு வந்த வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி, என் குரு யார் என்று கேட்டாள். பதற்றத்தில் இலாகாவில் எனக்கு மேலதிகாரியாக இருந்த சூப்பரின்டெண்டன்ட் பெயரைச் சொல்லிவிட்டேன். அவள் கண்ணை மூடிக் கும்பிட்டாள். அந்த ஆள் என்னை எத்தனை முறை மெமோ கொடுத்து அழவைத்தார் என்று உங்களுக்குத் தெரியும்.

இதெல்லாம்கூடப் போகட்டும். தலைக்கு மேல் வெள்ளம் வந்தது துலாராம்ஜியால்தான். டெஹ்ரிப் பக்கத்துக்காரர், தபால்காரராக இருந்தவர், எழுபத்தைந்தாவது இருக்கும். போன மாதம் அவர் மகன் கூட்டிக்கொண்டு வந்து, “அப்பாவுக்கு ரெண்டு நாள் ஆசிரம சேவை செய்யணும்னு ஆசை” என்று சொல்லி, அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனவன்தான். இன்றுவரை ஆளும் இல்லை, கூப்பிட்டால் போனும் எடுப்பதில்லை. பெரியவரோ விடிவதற்கு முன்பே எழுந்து அந்த மணியை அடி அடியென்று அடிக்கிறார், முற்றம் பெருக்குகிறார், பந்தித் தட்டுகளைக் கழுவிக் கவிழ்க்கிறார், என்னை சுவாமிஜி என்கிறார்! அமைதி வேண்டும் என்று டெல்லியிலிருந்து வந்த புதுத் தம்பதி மணிச் சத்தத்தில் அலறியடித்துக்கொண்டு ஓடியே போய்விட்டார்கள். சம்பா அவரைக் கண்டிப்பாள் என்று பார்த்தால், குதிரைவாலிப் பாயசம் செய்து பரிமாறுகிறாள். நான் வாயைத் திறந்தால் போதும். “வாசல்ல ஆசிரமம்னு எழுதி வச்சுட்டு, பெரியவரைப் போங்கன்னு சொல்ல உங்களுக்கு நாக்கு எப்படித்தான் வருது?” என்கிறாள். உங்கள் தங்கை, உங்கள் வாய்.

ஆகவே மச்சான், கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். அதே பெயிண்டரை உடனே அனுப்பி, பழையபடி லாட்ஜ் என்று எழுதிவிடச் சொல்லுங்கள். நீங்களும் கூடவே வந்து, இது ஆசிரமம் இல்லை என்பதைத் துலாராம்ஜியிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லி, டெஹ்ரி பஸ்ஸில் ஏற்றிவிட வேண்டும். அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல என்னால் முடியவில்லை. வீட்டம்மாவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள். பத்ரிநாதர் உங்களுக்கு நீண்ட ஆயுளும், இனி யோசனை சொல்லாத மனமும் தரட்டும்.

தங்கள் மாப்பிள்ளை,
ஹர்ஷ்மணி

பின்குறிப்பு: பெயிண்டருக்குக் காத்திருப்பானேன், நாமே பலகையைக் கழற்றிவிடுவோம் என்று இப்போதுதான் ஏணி போட்டேன். துலாராம்ஜி ஓடி வந்து கீழே பிடித்துக்கொண்டார். மேலே நின்றபடி, அவர் முகத்தைப் பார்க்காமல், “பெரியவரே, இது ஆசிரமம் இல்ல. வெறும் லாட்ஜ்தான்” என்று சொல்லிவிட்டேன்.

“தெரியும் சுவாமிஜி. வந்த அன்னிக்கே தெரியும். எத்தனை ஆசிரமத்துக்குத் தபால் கொடுத்திருக்கேன்” என்றார். ஏணியை விடவில்லை. “ஆனா ஊர்ல கேட்டா, எங்கப்பா ஆசிரமத்துல இருக்கார்னு எம்பையன் தலைநிமிந்து சொல்லலாம். லாட்ஜுல விட்டுட்டு வந்தேன்னு அவனால சொல்ல முடியுமா? பாவம், சின்ன வயசு. பலகை இருக்கட்டுமே.”

மச்சான், பலகையைத் துணியால் துடைத்துவிட்டு இறங்கினேன். மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடுங்கள். ஆனால் பெயிண்டர் வரட்டும், மழையில் காவி வெளுத்திருக்கிறது, இன்னொரு பூச்சு வேண்டும். நீங்கள் வரும்போது ஒரு மூட்டை கேழ்வரகு மாவு கொண்டு வாருங்கள். பெரியவர் சாப்பாட்டு மணி அடித்துவிட்டார். சுவாமிஜி போய் உட்காராமல் இங்கே பந்தி தொடங்காது.