பாகூரில் ஒரு ரோபோ கைகுலுக்கியது

அரசாங்கம் ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்தால் அறிவு வளருமோ இல்லையோ, ஆளின் நடை மாறிவிடும். எண்பதுகளின் நடுவில், பாலிடெக்னிக்கில் விரிவுரையாளனாக இருந்த எனக்கு அப்படித்தான் மாறியது. நாற்று நடும் இயந்திரக் கை ஒன்றைச் செய்வதற்கு முதல் தவணை நிதி வந்த நாளிலிருந்து நான் பாகூர் கடைத்தெருவில் நடக்கவில்லை, மிதந்தேன். (இரவல் சைக்கிளில்.)

பட்டறை, காதர் பாயின் அரிசி மில் கொட்டகை. "தம்பி பெரிய ஆளா வரும்" என்று நம்பி இடம் கொடுத்த அப்பாவி அவர். லாரி வைப்பர் மோட்டார், சைக்கிள் செயின், பால்பவுடர் டப்பா எல்லாம் சேர்ந்து கை உருவானது. வேடிக்கை பார்க்க வந்த நடவுப் பெண்களிடம், "ரெண்டாயிரமாவது வருஷம் வயல்ல மனுஷனே எறங்க மாட்டான். எல்லாம் ரோபோதான்!" என்று முழங்கினேன்.

"அப்ப நாங்க இன்னாபா பண்றது?" என்றாள் அஞ்சலை.

"வரப்புல குந்திக்கினு டீ குடிங்க."

"டீ யாரு போடுவா? அதுவும் இதானா?"

இரண்டாம் தவணை வேண்டுமானால் அதிகாரி ஒருவர் நேரில் பார்த்துப் பரிந்துரைக்க வேண்டும். வேதாசலம் என்பவர் வருவதாகத் தகவல் வந்தது. நடவு இன்னும் கைகூடவில்லை (நாற்றைப் பிடிக்கும், பிழிந்து சாறு எடுக்கும்). சரி, விரல்களில் ஸ்பாஞ்ச் ஒட்டி, கைகுலுக்க வைத்து ஆளை மயக்கிவிடலாம் என்று திட்டம் போட்டேன். பிடிக்கும், மூன்று முறை குலுக்கும், விடும். அவ்வளவுதான். உள்ளே இருக்கும் பால்பவுடர் டப்பா அவர் கண்ணில் படக் கூடாதென்று கையின் மேல் ஒரு தகர மூடி போட்டு, சுற்றி வெல்டிங் வைத்து அடைத்தேன். என் வாழ்நாளிலேயே உருப்படியாக அமைந்த வெல்டிங் அது.

வேதாசலம் வந்தார். சலவைச் சட்டை, சிரிக்காத முகம். ஸ்விட்சைப் போட்டேன். கை மெல்ல நீண்டது. அவர் தயங்கித் தயங்கி வலது கையைக் கொடுத்தார். விரல்கள் மூடின. கொட்டகையே கைதட்டியது.

கரண்ட் போனது.

"போதும், விடச் சொல்லுங்க" என்றார்.

"கரண்ட் வந்ததும் விட்டுடும் சார்."

"எப்ப வரும்?"

காதர் பாய் பெருமையோடு முன்னால் வந்தார். "இப்பல்லாம் பரவால்ல சார். காலையில போனா சாயங்காலத்துக்குள்ள வந்துடுது."

இழுத்துப் பார்த்தோம். மோட்டார் சுற்றினாலொழிய உள்ளே இருக்கும் பல்சக்கரம் அசையாது. திறந்து கழற்றலாமென்றால், மூடியைச் சுற்றி என் உருப்படியான வெல்டிங். அஞ்சலை விளக்கெண்ணெய் கொண்டுவந்து ஊற்றினாள். சட்டை முழுக்க இறங்கியதே தவிரக் கை வழுக்கவில்லை. காதர் பாய் இரும்பறுக்கும் ரம்பத்தோடு வந்தார்.

"எதை அறுக்கப் போறீங்க?" என்று அலறினார் வேதாசலம்.

"மொதல்ல தகரத்ததான் சார்."

அந்த 'மொதல்ல'வில் அவர் முகம் வெளுத்துவிட்டது. ரம்பம் திரும்பிப் போனது.

மதியம் பாய் வீட்டிலிருந்து பிரியாணி வந்தது. இடது கையால் சாப்பிட மாட்டேன் என்றார். வேறு வழி? மத்திய வயதுள்ள அரசு அதிகாரிக்கு, பாதி பாகூர் பார்த்துக்கொண்டிருக்க, நான் ஊட்டிவிட்டேன். வாய்க்கு வாய் மதிப்பீடும் நடந்தது.

"பிடியோட அழுத்தம் எவ்வளவுன்னு அளந்தீங்களா?"

"இன்னும் இல்ல சார்."

"நான் சொல்றேன், எழுதிக்குங்க. மொதல்ல அந்த முட்டையக் குடுங்க."

உண்ட மயக்கத்தில், ரோபோவின் கையைப் பிடித்தபடியே தூங்கிப்போனார். கரண்ட் வந்தது. விட்ட இடத்திலிருந்து தொடங்கிய என் இயந்திரம் அவரை மூன்று முறை உலுக்கு உலுக்கென்று உலுக்கி எழுப்பி, பிறகு மிக மரியாதையாக விட்டது. அவர் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தார். ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

நிதியோடு வேலையும் போயிற்று என்று வீட்டுக்குள் பதுங்கிக் கிடந்தேன். அவருடைய பரிந்துரை வந்தது: "பிடிமானம் அபாரம். விடுவது குறித்து மேலும் ஆராய்ச்சி தேவை. இரண்டாம் தவணை வழங்கலாம்."

வழங்கினார்கள்! கை விடக் கற்றுக்கொண்டது. நாற்று நடத்தான் கடைசிவரை கற்றுக்கொள்ளவில்லை. அஞ்சலை ரெண்டாயிரத்திலும் வயலில்தான் நின்றாள். என்னைப் பார்த்தால், "இன்னா சார், டீ இன்னும் வர்ல?" என்பாள்.

இன்றைக்கும் ஏதாவது கல்யாண வீட்டில் வாழ்த்திப் பேசுகிறேன் என்று நான் மைக்கைப் பிடித்தால் போதும். முதல் வரிசையிலிருந்து என் மனைவி பக்கத்தில் இருப்பவர்களிடம் சொல்வது மைக்கிலேயே கேட்கும்: "ரெண்டாவது தவணை குடுத்தாதான் விடுவாரு."