தவளைகள் தின்ற மெமரி

அன்று காலை பல் துலக்கும்போதே அவர் முடிவெடுத்துவிட்டார். இன்றோடு தவளைகளை வெளியேற்றிவிட வேண்டும்.

தவளைகள் இருந்தது கம்ப்யூட்டருக்குள். அவர் மனைவி பாடப்புத்தகங்களுக்குப் படம் வரைகிறவள். இந்த வாரம் தவளையின் ஜீரண மண்டலம். மாதிரி பார்ப்பதற்காக இருபது ஜன்னல்களில் இருபது தவளைகளைத் திறந்து வைத்திருந்தாள். அந்த நெரிசலில் அவருடைய செஸ் ஆட்டம் மூச்சுத் திணறியது. குதிரையை நகர்த்தினால் அது நொண்டிக்கொண்டே போய்ச் சேர்ந்தது.

அவர் ஒரு கம்பெனியில் சர்வர்களைக் கண்காணிப்பவர். பெண் பார்க்கப் போன அன்று இதைச் சொல்ல, "எந்த ஹோட்டல்?" என்று மாமனார் கேட்டது பழைய கதை. எந்த புரோகிராம் எவ்வளவு மெமரி தின்கிறது என்று காட்டும் ஒரு கருவிதான் அவர் பிழைப்பு. அதை வீட்டுக் கம்ப்யூட்டரிலும் ஏற்றிவிட்டு மனைவியைக் கூப்பிட்டார்.

"யாரோட வேலை அதிகமா மெமரி தின்னுதோ, அவங்க பழைய கம்ப்யூட்டருக்குப் போயிடணும். சரியா?"

பழைய மெஷின் வாஷிங்மெஷினுக்குப் பக்கத்தில் கிடந்தது. இரண்டில் எதைப் போட்டாலும் ஒரே சத்தம்தான் வரும்.

"வெள்ளிக்கிழமை நான் படம் குடுத்தாகணுங்க."

"சட்டம்னா சட்டம்."

"சரி. யாரு எவ்வளவு தின்னாங்கன்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

தொழில் பேச்சு வந்ததும் அவர் முதுகு தானாக நிமிர்ந்தது. "ரெண்டு செகண்டுக்கு ஒருதடவை சிஸ்டத்துகிட்ட போய், யாரு கையில எவ்வளவு இருக்குன்னு கேக்கும். அது சொல்றதை அப்படியே ஸ்கிரீன்ல எழுதும். ஒரு பொய் கிடையாது. பாரு, தவளைங்களுக்கு நாலு ஜிபி. நீ வரையறதுக்கு ஒன்றரை. என் செஸ்ஸுக்கு மூன்றரை. சிஸ்டத்துக்கு ரெண்டு. நீ அஞ்சரை, நான் மூன்றரை. கிளம்பு."

அவள் கிளம்பவில்லை. ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்த மெஷின்ல மொத்தமே எட்டுதானே? இங்க பதினொண்ணு வருதே."

அவர் தொண்டையைக் கனைத்தார். "அது வந்து... இருபது ஜன்னலுக்கும் சில சாமான் பொதுவா இருக்கும். கருவி அதை ஒவ்வொருத்தர் பேர்லயும் முழுசா எழுதிடும்."

"ஓஹோ. நம்ம வீட்டுல இருக்கறது ஒரு ஹால். நீங்க, நான், பொண்ணு, ஆளுக்கொரு ஹால் வச்சிருக்கோம்னு எழுதற மாதிரி."

"கிட்டத்தட்ட."

"பங்கு போட்டுக் காட்டாதா?"

அவர் சட்டை நுனியால் மவுஸைத் துடைக்க ஆரம்பித்தார்.

"பாவம், அதுக்கு அவ்வளவு விவரம் பத்தலை போல. எந்தக் கத்துக்குட்டி செஞ்சதோ."

பதினைந்து வருஷத் தொழில் அவருக்குள் துள்ளி எழுந்தது. "யாரு சொன்னது? பங்கு போட்ட கணக்குக்குன்னே தனிப் பக்கம் இருக்கு." அடுத்த நொடி அதைத் தட்டித் திறந்தும்விட்டார். திறந்த பிறகுதான் பார்த்தார்.

தவளைகள் நாலிலிருந்து ஒன்றுக்கு இறங்கியிருந்தன. சிஸ்டமும் கொஞ்சம் இளைத்திருந்தது. மொத்தம் எட்டுக்குள் அடக்கமாக உட்கார்ந்திருந்தது. செஸ் மட்டும் மூன்றரையில் அசையாமல் நின்றது.

"நான் ரெண்டரை. நீங்க ஏங்க இறங்கவே இல்ல?"

"அது யார்கூடவும் பங்கு போடாது. யோசிச்சுப் பார்த்த ஆட்டத்தையெல்லாம் ஞாபகம் வச்சுக்கணுமே."

"அதுக்கு மூன்றரை ஜிபி. என் பிறந்தநாளுக்கு ஒரு துளி ஒதுக்க முடியலை. எழுந்திருங்க, நான் தவளைக்குக் குடல் போடணும்."

எழுந்தார். வாஷிங்மெஷின் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, பழைய மெஷினைத் தட்டி எழுப்பி, கை பழகிய தோஷத்தில் அந்தக் கருவியைத்தான் முதலில் திறக்கப் பார்த்தார். ரொம்ப நேரம் யோசித்துவிட்டு மெஷின் ஒரு செய்தி காட்டியது: "மெமரி போதவில்லை. திறந்திருப்பதில் ஏதாவது ஒன்றை மூடவும்."

அங்கே திறந்திருந்தது அவர் வாய் மட்டும்தான். அதை மூடிக்கொண்டார்.